மலை ஏறிய மணவறை

சுவிஸில், தூன் நகருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் திருமணம். மண்டபத்துக்கு இன்னும் முந்நூறு மீற்றர்தான் இருந்தது. அந்த இடத்தில் எங்கள் பழைய வான் நின்றுவிட்டது. கிளட்ச் எரிந்த நாற்றம் ஜன்னலுக்குள்ளால் வந்தது. வானுக்குப் பின்னால் கொளுவியிருந்த ட்ரெயிலருக்குள் அன்றைய மணவறை முழுவதும் இருந்தது. தூண்கள், மேடைப் பலகைகள், மாப்பிள்ளை பெண்ணுக்கான இரண்டு ஆசனங்கள், குத்துவிளக்குகள், இரும்புக் குழாய்கள், கம்பளங்கள். நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வார நாட்களில் நான் பேர்ண் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறேன். வார இறுதிகளில் மணவறை சோடிக்கிறேன். என் கணவர் லுசேர்ணில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். சனி, ஞாயிறில்தான் அவருக்கு வேலை கூட. ஆகவே மணவறையை ஏற்றி இறக்குவதும் ஓட்டிப்போவதும் என் பொறுப்பு. உதவிக்கு ஊஸ்டரில் இருக்கும் என் அண்ணா வருவார்.

அன்று நானும் அண்ணாவும் வானின் சில்லுகளுக்குக் கீழே கல் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பெண் வீட்டுக்காரர் மண்டபத்திலிருந்து இறங்கி வந்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய சித்தப்பாமார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய மாமிமார். "பரவாயில்லை பிள்ளை, ஆளுக்கொரு தூண் எடுத்தால் முடிஞ்சுது" என்றார் ஒரு மாமி. அவர்கள் தூண்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஊர்வலமாகப் போனார்கள். ஒருவரும் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னர் மணவறையின் இடது பக்கத்துக்கு மட்டுமே பூ வைக்க முடிந்தது. அந்தத் திருமணப் படங்களில் வலது தூண் இன்றைக்கும் மொட்டையாக நிற்கிறது.

வானைத் திருத்துவதில் பிரயோசனம் இல்லை என்று கராஜ்காரர் சொன்னார். வேறு வாகனம் தேவை. பிக்கப் வாங்குவது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். எந்தப் பிக்கப் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"டீசல்தான். பாரம் இழுக்கிற லொறி எல்லாம் டீசல்தானே. இதிலை யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

அண்ணா தொலைபேசியில் குறுக்கே வந்தார். "மச்சானுக்குத் தெரியாது. டீசல் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிசம் ஓடிப்போட்டு நிப்பாட்டினால் புகை வடிகட்டி அடைச்சுப்போகும். என்ரை காருக்கு அதுதானே நடந்தது. பெற்றோல் எடு. சத்தமும் இல்லை, கரைச்சலும் இல்லை."

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கணவர் வீட்டில் இருக்கும்போது டீசல் பக்கம் சாய்ந்தேன். அண்ணாவுடன் கதைத்துவிட்டு வைத்தால் பெற்றோல் பக்கம் சாய்ந்தேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் மருத்துவமனையில் துணி மூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டியது. இழுக்கிற வண்டியைப் பற்றி ஓயாமல் கதைக்கிறோம். இழுக்கப்போகிற பாரம் எவ்வளவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று மாலை கணவரைக் கேட்டேன். "எங்கடை ட்ரெயிலர் ஏத்தினாப் பிறகு எவ்வளவு பாரம் இருக்கும்?"

"ஆயிரத்து இருநூறு கிலோ இருக்கும்."

"நிறுத்துப் பாத்தனீங்களோ?"

"ஏன் நிறுக்க? கண்ணாலை பாத்தால் தெரியாதோ?"

பக்கத்துக் கிராமத்தில் விவசாயிகள் வைக்கோலும் கிழங்கும் நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. உழவு இயந்திரம் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, ட்ரெயிலரை முழுதாக ஏற்றி, அங்கே இழுப்பித்துக்கொண்டு போனேன். கணவரும் கூடவே வந்தார். தராசு காட்டிய எண்ணைப் பார்த்துக் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் கூட. வான் இழுக்கக்கூடிய அளவைவிட அது எவ்வளவோ மேல். என் சாரதி அனுமதிப் பத்திரத்தில் இழுக்கக்கூடிய அளவுக்கும் மேல். இத்தனை வருடமும் பொலிஸ் மறிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். வானில் பிழை இல்லை. அந்த அப்பாவி வண்டியை நாங்கள்தான் வருத்தியிருக்கிறோம்.

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த திருமணங்களுக்கு லொறி வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, முதலில் பெரிய ட்ரெயிலர் ஓட்டுவதற்கான அனுமதிப் பத்திரத்துக்குப் பயிற்சி எடுத்தேன். முன்னுக்கு ஓடுவது பெரிய வேலை இல்லை. பின்னுக்கு எடுப்பதுதான் வேலை. ஸ்டியரிங்கை இடது பக்கம் வெட்டினால் ட்ரெயிலர் வலது பக்கம் போகும். கை ஒன்று சொல்ல, பின்னால் இருப்பது வேறொன்று செய்யும். முதல் தடவை சோதனையில் ஒரு கூம்பை இடித்து விழுத்தினேன். சோதனை அதிகாரி இறங்கிப்போய் அதை நிமிர்த்தி வைத்தார். இரண்டாம் தடவை எல்லாக் கூம்பும் நின்ற இடத்தில் நின்றன. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பாஸ் என்று எழுதியிருந்த தாளை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு பரீட்சை பாஸ்பண்ணுவது பள்ளிக்கூடத்தில் பாஸ்பண்ணுவதைவிட இனிப்பாக இருக்கிறது.

பிறகு வாகனம் தேடத் தொடங்கினேன். அண்ணா ஊஸ்டருக்குப் பக்கத்தில் தெரிந்த கராஜ் ஒன்றில் பெற்றோல் பிக்கப் ஒன்றைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவிலிருந்து இறக்கிய வெள்ளை வண்டி, பெரிய எஞ்சின், உள்ளே தோல் இருக்கை. நான் எம்மென்டால் பக்கம் ஒரு பண்ணையில் டீசல் பிக்கப் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடும் பச்சை நிறம், ஜப்பான் தயாரிப்பு. அதன் சொந்தக்காரி ஒரு விவசாயப் பெண், என் வயதுதான் இருக்கும். மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வைத்திருந்தாராம். மாடுகளை விற்றுவிட்டதால் இனித் தேவையில்லை என்றார்.

"நீங்கள் என்ன இழுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"கல்யாணம்" என்றேன், என் ஜெர்மனில்.

அவர் நான் சொல் மாறிச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். கைத்தொலைபேசியில் மணவறைப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு ட்ரெயிலருக்குள்ளா?" என்று கேட்டுவிட்டு, வண்டியின் சாவியைத் தூக்கிக் காட்டினார். வசதியான ஒருநாள் வந்து அரை நாள் கொண்டுபோய் இழுத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்றார்.

கணவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகளில் பரீட்சை வைத்தேன். ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள்ளால் ஏறும் செங்குத்தான பாதை ஒன்று இருக்கிறது. அதே ஏற்றம், அதே பாரம், ஓட்டுவதும் நான். இரண்டு தரமும் அண்ணா என் பக்கத்தில் முன் இருக்கையில், கணவர் பின் இருக்கையில்.

முதல் திங்கள் பெற்றோல். அண்ணா அதை ஊஸ்டரிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார். சமதரையில் அது தண்ணீரில் போகும் படகு போல் போனது. சத்தமே இல்லை. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் கத்தத் தொடங்கியது. கியர் தானாக இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எடுத்தேன். சில்லு ஒரு தரம் சுற்றி, பிறகு பிடித்து, உறுமிக்கொண்டு ஏறியது.

"ஏறிச்சுதோ இல்லையோ?" என்றார் அண்ணா.

"ஏறிச்சுது" என்றேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். இறங்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். கியரைக் குறைத்ததும் எஞ்சின் வண்டியை நன்றாக இழுத்துப் பிடித்தது. பிரேக்கில் கால் வைக்கத் தேவையே இருக்கவில்லை. அண்ணாவுக்கு அதையும் சொன்னேன். ஆனால் எரிபொருள் முள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியக் கீழே வந்திருந்தது. கணவர் அதைத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் டீசல். உள்ளே லேசாக மாட்டுத் தொழுவ வாசம் இருந்தது. அண்ணா மூக்கைச் சுளித்தார். சமதரையில் அது கடகடவென்று சத்தம் போட்டது. அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏற்றத்துக்கு வந்தோம். சத்தம் கூடும் என்று காத்திருந்தேன், கூடவில்லை. அது தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டு, பின்னால் ஒன்றும் கொளுவியில்லாதது போல் ஏறியது. போன கிழமை நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினேன். பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் முன்னுக்கு நகர்ந்தது. தூனுக்கு மேலே வான் நின்றுபோன நாள் நினைவுக்கு வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் கணவர் கைதட்டினார்.

இறங்கும்போது டீசல் எஞ்சின் வண்டியை அவ்வளவு இழுத்துப் பிடிக்கவில்லை. ட்ரெயிலர் பின்னாலிருந்து மெல்லத் தள்ளியது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அண்ணா கடைசி வாதத்தை வைத்தார். "எல்லாம் சரி. வடிகட்டிக்கு என்ன செய்யப்போறாய்? ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிச ஓட்டம். ஒரு வருசத்திலை அடைக்கும்."

"நான் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸிலை போறன். இந்த வண்டி தூரத்துக்கு மட்டும்தான் ஓடும், பாரத்தோடை."

கணவர் நிமிர்ந்தார். "பனிக்காலத்திலும் பஸ்ஸோ? விடிய அஞ்சரைக்கோ?"

"ஓம்."

"நீர் நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"இஞ்சேருங்கோ, நீங்கள் லொறியைப் பாத்து டீசல் எண்டியள். அண்ணா தன்ரை காரைப் பாத்துப் பெற்றோல் எண்டார். நான் மணவறையைப் பாத்துச் சொல்லுறன். நிறையக் காலம் சும்மா நிக்கும், ஓடுற நாளிலை மலை ஏறும். அதுக்கு டீசல்தான். ஓடப்போறது நான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணா இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டார்.

பச்சைப் பிக்கப்பை வாங்கப் போனபோது பண்ணைப் பெண் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லித் தந்தார். நீண்ட ஏற்றம் ஏறி முடித்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டாம், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவிடுங்கள், உள்ளே எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். நான் தலையாட்டினேன். வண்டிக்குள் மாட்டு வாசம் போக ஒரு மாதம் சாம்பிராணி பிடித்தேன்.

அந்த ஆவணியில், மலைகளுக்குத் தெற்கே பெல்லின்சோனாவில் ஒரு திருமணம் எடுத்திருந்தேன். ஞாயிறு காலையிலேயே முகூர்த்தம். மண்டபத்தைச் சனிக்கிழமை நண்பகலில் திறந்து, மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணவறையைக் கட்டி முடிக்க எனக்கு ஐந்து மணித்தியாலம் வேண்டும். பிந்தினாலும் இரண்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

சனி காலை ஏழு மணிக்கு நானும் அண்ணாவும் புறப்பட்டோம். லுசேர்ணைத் தாண்டி ஏரியோரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கணவர் உணவகத்திலிருந்து அழைத்தார்.

"எங்கை நிக்கிறீர்? கொட்ஹார்ட் சுரங்கம் ரெண்டு பக்கமும் மூடியாச்சாம். ரேடியோவிலை சொல்லுறாங்கள். எப்ப திறப்பாங்கள் எண்டு தெரியாதாம்."

பெல்லின்சோனாவுக்கு மலையைக் குடைந்து போகும் நேர்வழி அதுதான். கொஞ்சத் தூரத்தில் கார்களின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. வரிசை முடிவில்லாமல் நீண்டது.

"கிழக்காலை சுத்திப் போவம். மற்ற சுரங்கப் பாதை இருக்குத்தானே" என்றார் அண்ணா.

"அது இங்கை இருந்து எவ்வளவு தூரம்? பின்னேரம்தான் போய்ச் சேருவம்."

"அப்ப இதிலை நிண்டு பாப்பம்."

"நிண்டால் மண்டபம் பூட்டிடும்." மலையைப் பார்த்தேன். உச்சியில் கொஞ்சம் மேகம் இருந்தது. "அண்ணா, மேலாலை போவம்."

"ரெண்டு தொன்னோடையோ? ரெண்டாயிரம் மீற்றருக்கு மேலையடி!"

"அதுக்குத்தானே வாங்கினது."

சுரங்கத்துக்கு முந்திய வழியால் வெளியேறி மேல்பாதையைப் பிடித்தோம். எங்களைப் போல் யோசித்தவர்கள் நிறையப் பேர். முதலில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மற்றப் பக்கம் கீழே நுரை தள்ளும் ஆறு. வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வரிசை நின்றது. செங்குத்தான இடங்களில் நின்று நின்று எடுக்க வேண்டியிருந்தது. பத்துப் பதினைந்து தடவையாவது நின்று எடுத்திருப்பேன். ஒரு தடவையும் வண்டி பின்னுக்கு உருளவில்லை. ஓரத்தில் ஒரு கார் மூடியைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றது. சற்று மேலே கரவன் வீட்டுவண்டி இழுத்து வந்த ஒரு குடும்பம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புல்லில் குந்தியிருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணா ஆரம்பத்தில் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். அண்டர்மாட் கிராமத்தைத் தாண்டும்போது கையை எடுத்துவிட்டார். மரங்கள் முடிந்து புல்லும் கல்லும் மட்டும் ஆனபோது வரிசை கலைந்து எனக்கு முன்னால் பாதை வெறிச்சென்று கிடந்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் ஹோர்னை அடித்தேன். எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். ஒரு கல்யாணத்தையே கட்டி இழுத்துக்கொண்டு அல்ப்ஸ் மலைக்கு மேலால் போகிறேன்.

உச்சியில் ஏரியோரம் நிறுத்தினேன். அண்ணா சாவியைத் திருப்பக் கை நீட்டினார். "பொறுங்கோ, ரெண்டு நிமிசம் ஓடட்டும்" என்றேன். எஞ்சின் தன்பாட்டில் முணுமுணுத்தது. அண்ணா இறங்கிப் போய் ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றினார். நான்கு சில்லுகளிலும் கையை வைத்துச் சூடு பார்த்தார். கொளுவியை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் ஜன்னலடிக்கு வந்து, மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பெற்றோல் எண்டால் இந்த உயரத்திலை மூச்சு வாங்கியிருக்கும்."

"ஏறியிருக்கும்" என்றேன்.

"ஏறியிருக்கும். ஆனால் இப்பிடி இல்லை." காற்றில் பறந்த தலைமுடியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தார். "நீ கெட்டிக்காரி."

அண்ணா என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கேட்காதது போல் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"இனித்தான் கவனமா இருக்க வேணும். இறக்கத்திலை உங்கடை பெற்றோல்தான் கெட்டிக்காரன். பிரேக் நாறுதோ எண்டு நீங்கள் மணந்து பாத்துக்கொண்டு வாங்கோ" என்றேன்.

இரண்டாம் கியரை விட்டு மேலே போகாமல், வண்டியை ஊரவிட்டு இறங்கினேன். பின்னால் வந்தவர்களுக்கு வழி விட இரண்டு இடத்தில் ஓரங்கட்டி, பிரேக்கையும் ஆறவிட்டேன். அண்ணா ஜன்னலைத் திறந்து வேட்டை நாய் போல் மூக்கை நீட்டிக்கொண்டே வந்தார். அடிவாரத்து அயிரோலோ கண்ணில் பட்டதும் தலையை உள்ளே இழுத்து, "நாறேல்லை" என்று அறிவித்தார்.

பெல்லின்சோனா மண்டப வாசலில் நாங்கள் போய் நின்றபோது ஒன்றரை மணி. பெண்ணின் தகப்பன் படியில் தலையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கேக் கொண்டுவருகிறவர், படம் எடுக்கிறவர், பாதிச் சொந்தக்காரர், எல்லோரும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்களாம். எங்கள் பச்சைப் பிக்கப்பையும் நீள ட்ரெயிலரையும் கண்டதும் எழுந்தார்.

"நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?"

"மேலாலை."

"மேலாலை எண்டால்?"

அண்ணா எனக்கு முந்திக்கொண்டு கையை உயர்த்தி வடக்கே மலையைக் காட்டினார். "உந்த மலைக்கு மேலாலை. என்ரை தங்கச்சிதான் ஓடினவ."

அந்த மனிதர் மலையைப் பார்த்தார், ட்ரெயிலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் கையாலேயே எனக்கு ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

மண்டப வாசல் குறுகிய முற்றத்துக்குள் இருந்தது. ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்து, படியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் நேராக நிறுத்தினேன். ஒரே தடவையில். ஆறரை மணிக்கு மணவறை எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் பூ, மேலே வளைவு, உள்ளே விளக்கு. எனக்குத் தெரிந்து நான் கட்டியதில் அதுதான் மிக வடிவானது. மண்டபக் காவலாளி, இத்தாலியர், பூட்ட வந்தவர், சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் கெட்டிமேளம் கொட்டும்போது நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். மாட்டுப்பட்டவர்கள் எல்லோரும் முதல் நாள் பொழுதுபட வந்து சேர்ந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது ஜெனீவாவிலிருந்து வந்த ஒருவர் என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். "மலைக்கு மேலாலை மணவறை கொண்டுவந்த அக்கா நீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவளுக்குத் தை மாதத்தில் திருமணமாம். என் கதை என்னைவிட வேகமாக மண்டபத்துக்குள் சுற்றியிருந்தது.

பின்னேரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். அயிரோலோவுக்குக் கிட்ட வரும்போது பச்சை விளக்கு எரிந்தது. சுரங்கம் திறந்திருந்தது, வரிசையும் இல்லை. நான் சமிக்ஞை விளக்கைப் போட்டு மேல்பாதைக்குத் திருப்பினேன். அண்ணா ஏனென்று கேட்கவில்லை. இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குச் சரித்து வசதியாக இருந்துகொண்டார்.

வெயில் மலையின் மேற்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. வழியில் எங்களைத் தவிர வாகனம் குறைவு. உச்சியில் மறுபடி நிறுத்தி, எஞ்சினை ஆறவிட்டு, பெண் வீட்டார் கட்டித் தந்த பலகாரப் பெட்டியை ட்ரெயிலரின் பின்படியில் வைத்துத் திறந்தோம். பயத்தம் உருண்டை, முறுக்கு, வடை. காற்றுக் குளிராக இருந்தது. கணவர் அழைத்தார்.

"எங்கை நிக்கிறீர்? சுரங்கம் திறந்திட்டுதாமே?"

"ஓம், திறந்திட்டுது" என்றேன், வாய் நிறைய வடையுடன்.